வானத்துக்கும் ஒரு பரண் காவல்

கல்வராயன் மலை உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் மாணவ மாணவியருக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே, மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

உங்களிடம் ஒரு வேலை கேட்டு இதை எழுதுகிறேன். கூலி கிடையாது. கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில், இரவில் பத்து நிமிடம் போதும். ஆனால் வேலை பல மாதம் நீளும், சில வருடம்கூட ஆகலாம். பெரும்பாலான இரவுகளில் நீங்கள் எழுதப்போவது ஒரே வரிதான்: "ஒன்றும் இல்லை." அந்த வரி எவ்வளவு பெறுமானம் உள்ளது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கீழே கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன். எங்கள் தெருவில் மொட்டை மாடி ஏறினால் எண்ணிப் பார்க்கக்கூடிய அளவுக்குத்தான் விண்மீன்கள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலை ஏறி வெள்ளிமலைப் பக்கம் வந்துவிட்டால் வானமே வேறு. இந்த வித்தியாசம் எனக்கு நன்றாக உறைத்தது 2021 ஆகஸ்டில். அந்த மாதம் 8-ஆம் தேதி ஆர்.எஸ். ஒபியூக்கி என்ற விண்மீன் வெடித்தது. சாதாரண நாளில் பைனாகுலரில்கூட அது தெரிவது அரிது. அன்றோ வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பிரகாசமானது. அயர்லாந்தில் கீத் கியரி, பிரேசிலில் அலெக்சாந்த்ரே அமோரிம் என்ற ஆர்வலர்கள் முதலில் கண்டு சொன்னார்கள். கேள்விப்பட்ட நான் மலைக்கு ஓடி வந்தேன். ஆடி மேகம். மூன்று இரவு நோட்டில் "மேகம்" என்று மட்டும் எழுதினேன். நான்காம் இரவு ஒரு கால்மணி நேரம் வானம் திறந்தது. இருந்தது. சின்னப் புள்ளி, லேசாகச் சிவந்த புள்ளி, முந்தின வாரம் அந்த இடத்தில் யாருக்கும் தெரியாத புள்ளி.

நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து நான்கு இரவும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அது வராத அன்னிக்கும் எதுக்குய்யா எழுதுறீங்க?" என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் அவரே சொன்னார்: "எங்க பரண் மாதிரிதான் போல. பன்னி வராத ராத்திரியும் காவல் ராத்திரிதானே."

சாமையும் தினையும் விளைந்த காட்டில் பரண் கட்டிக் காவல் இருந்தவர்களின் பிள்ளைகள் நீங்கள். இந்த வேலையை யாரிடம் கேட்பது என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

விண்மீன் எப்படி வெடிக்கிறது, அதுவும் ஆர்.எஸ். ஒபியூக்கிபோல ஒன்றே எப்படித் திரும்பத் திரும்ப வெடிக்கிறது என்று கேட்பீர்கள். இப்படி வெடிப்பவை தனி விண்மீன்கள் இல்லை, இரட்டையர். ஒன்று வெண்குள்ளன். பூமியின் பருமன்தான் இருக்கும், சூரியனுக்கு நிகரான எடை. மற்றொன்று அதன் துணை. துணையின் மேல்புறத்து வாயுவை வெண்குள்ளன் இழுத்து இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. போர்வை கனக்கக் கனக்க அடியில் அழுத்தமும் சூடும் ஏறுகின்றன. ஓர் எல்லை தாண்டியதும் அந்த ஹைட்ரஜன் போர்வை முழுவதும் ஹைட்ரஜன் குண்டுபோலப் பற்றிக்கொண்டு வெடித்துப் பறக்கிறது. இதுதான் நோவா. வெண்குள்ளனுக்கு ஒன்றும் ஆவதில்லை. மறுபடி வாயுவைச் சேர்க்கத் தொடங்குகிறது. பெரும்பாலான நோவாக்களுக்கு அடுத்த வெடிப்பு வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஒரு மனித ஆயுளுக்குள் திரும்ப வெடிப்பவை மிக அரிது. நம் பால்வீதியில் இதுவரை உறுதியாகத் தெரிந்தவை பத்துதான்.

அந்தப் பத்தில் ஒன்றை உலகம் முதலில் அறிந்தது சென்னையிலிருந்து. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நுங்கம்பாக்கத்தில் இப்போது வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் அன்று மதராஸ் வானாய்வகம் இருந்தது. 1792-ஐக் குறிக்கும் அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது, தமிழ் எழுத்தும் அதில் உண்டு. அங்கே 1861-இல் பொறுப்பேற்றவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் பிரகாசத்தை அளக்க இன்று உலகம் முழுவதும் பயன்படும் கணக்கை 1856-இல் வகுத்துத் தந்தவரும் அவரே. பொலிவெண் என்ற அந்த அளவில் ஐந்து வித்தியாசம் என்றால் சரியாக நூறு மடங்கு ஒளி வித்தியாசம். எண் கூடினால் மங்கல், குறைந்தால் பிரகாசம். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். போக்சன் கண்டது அதற்கு நான்கு ஆண்டு முன்பு. 1863 மே 20 இரவு, விருச்சிகத்தில், ஒன்பதாம் பொலிவெண் அளவில் ஒரு புது ஒளி. அதற்கு யு ஸ்கார்ப்பி என்று பெயர் வந்தது.

வேகமாக வெடித்து வேகமாக அணைவதில் அதற்கு ஈடு சொல்ல மற்றொன்று அரிது. உச்சத்தில் ஏழரைப் பொலிவெண். மூன்று நாள் முடிவதற்குள் மூன்று பொலிவெண் இறங்கிவிடும். அதாவது ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒரு வாரம் நீங்கள் வெளியூர் போய்வந்தால் அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

1863-க்குப் பிறகு நமக்குத் தெரிந்த அதன் வெடிப்புகள்: 1906, 1917, 1936, 1945, 1969, 1979, 1987, 1999, 2010, 2022. ஏறத்தாழப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை. இப்போது முதல் இடைவெளியைப் பாருங்கள். 1863-இலிருந்து 1906 வரை நாற்பத்து மூன்று வருடம். அந்த இடைவெளியில் அது சும்மா இருந்திருக்குமா? இரண்டு மூன்று முறையாவது வெடித்திருக்க வேண்டும். பார்த்தவர் எவரும் இல்லை. 1906, 1917, 1936, 1945 வெடிப்புகள்கூட அன்றே கண்டுபிடிக்கப்பட்டவை இல்லை. ஹார்வர்டில் சேர்த்து வைத்திருந்த பழைய வான் படத் தகடுகளைப் பின்னாளில் தேடியபோது அகப்பட்டவை. வரிசையில் 1917, 1945, 1969 ஆகியவற்றைப் பழைய பதிவுகளிலிருந்து தோண்டி எடுத்தவர் பிராட்லி ஷேஃபர் என்ற அமெரிக்க வானியலர். அந்த வரிசை நிறைந்த பிறகுதான் அடுத்தது 2009-ஐ ஒட்டி வரும் என்று அவரால் கணிக்க முடிந்தது. உலகமே தயாராகக் காத்திருந்தது. 2010 ஜனவரி 28-இல் வந்தது. பழைய இரவுகளை யாரோ பதிந்து வைத்திராவிட்டால் அந்தக் கணிப்பே இல்லை.

ஒளி குறைவதைக் குறித்து வைத்து என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. ஒரு வரைபடத்தாள் எடுங்கள். கிடைக்கோட்டில் நாள். செங்குத்துக் கோட்டில் பொலிவெண், பிரகாசமானது மேலே இருக்கும்படி. ஒவ்வோர் இரவும் ஒரு புள்ளி. புள்ளிகளை இணைத்தால் வரும் கோட்டுக்கு ஒளி வளைவு என்று பெயர். அந்தக் கோட்டின் சரிவு விண்மீனின் எடையைச் சொல்லும். யு ஸ்கார்ப்பி ஏன் அவ்வளவு வேகமாக மங்குகிறது? தூக்கி எறிந்த வாயுப் போர்வை மெல்லியது. மெல்லிய போர்வை விரைவில் கலைந்துவிடும். போர்வை ஏன் மெல்லியது? வெண்குள்ளன் மிகக் கனமானது என்பதால் கொஞ்சம் வாயு சேர்ந்தாலே பற்றிக்கொள்கிறது. இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே போனால் அந்த வெண்குள்ளனின் எடை ஓர் எல்லையை நெருங்கி நிற்பது தெரிகிறது. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் எடை கூடினால் எந்த வெண்குள்ளனும் தாங்காது. அந்த எல்லைக்குச் சந்திரசேகர் எல்லை என்று பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, பத்தொன்பது வயதில் அந்தக் கணக்கைத் தொடங்கினார்.

விண்மீனைத் தொட்டு அளக்க முடியாது. அதனால் வானியலர்கள் அளவுச் சட்டை தைக்கிற மாதிரி ஒரு மாதிரிக் கணக்குத் தைக்கிறார்கள். எடை இவ்வளவு, எறிந்த வாயு இவ்வளவு, வேகம் இவ்வளவு என்று வைத்துக்கொண்டு ஒளி எப்படிக் கூடிக் குறையும் என்று கணித்து, வந்த கோட்டை உண்மையான புள்ளிகள்மேல் போட்டுப் பார்க்கிறார்கள். தோளில் பிடித்தால் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். புள்ளிகள் நிறைய இருந்தால்தான் எங்கே பிடிக்கிறது என்று தெரியும்.

விண்மீனே சிதறிப்போகும் வெடிப்புகள்தான் சூப்பர்நோவாக்கள். அவற்றில் பலவற்றுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டை உண்டு. வெடிப்பில் உண்டாகும் கதிரியக்க நிக்கல் ஆறு நாளில் பாதியாகி கோபால்ட் ஆகிறது. கோபால்ட் 77 நாளில் பாதியாகி இரும்பாகிறது. அந்தக் கதிரியக்கச் சூடுதான் ஒளியாக வெளிவருகிறது. 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த சூப்பர்நோவா மங்கிய விதம் இந்தக் கோபால்ட் கணக்கோடு ஒத்துப்போனது. தெற்கே அடிவானம் மறையாத மலை முகட்டில் நின்றால் அந்த மேகம் இருக்கும் இடம் ஒன்பது பாகை உயரத்தில் நமக்கும் தெரியும். ஆனால் அந்தச் சட்டைக்கு அடங்காத ஒரு வெடிப்பு 2018 ஜூன் 16-இல் அகப்பட்டது. சுமார் 20 கோடி ஒளியாண்டு தூரம். பெயர்ப் பட்டியலில் அதற்குத் தற்செயலாக வந்த எழுத்துகள் ஆங்கிலத்தில் 'பசு' என்று அமைந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டது, சாதாரண சூப்பர்நோவாவைவிடப் பல மடங்கு பிரகாசம், பிறகு விறுவிறுவென்று இறக்கம். நிக்கல் சட்டையை மாட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு ஒளி தரத் தேவையான நிக்கல், வெடித்துச் சிதறிய மொத்தப் பொருளைவிட அதிகமாக வந்தது. பானையைவிடச் சோறு பெரிது. நிக்கல் கணக்கை விட்டுவிட வேண்டியதாயிற்று. உள்ளே கருந்துளையோ வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீனோ இருந்து ஒளி ஊட்டுகிறது என்று இப்போது நினைக்கிறார்கள். புனே அருகே கோடாட் ஊரில் இருக்கும் நம் மாபெரும் ரேடியோ தொலைநோக்கியும் அதைப் பின்தொடர்ந்தது. முதல் சில நாள் புள்ளிகள் விடுபட்டிருந்தால், 'இதுவும் ஒரு சூப்பர்நோவா' என்று எழுதிவிட்டு எல்லாரும் அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள்.

இனி நான் உங்களிடம் ஒப்படைக்க நினைக்கும் விண்மீன். பெயர் டி கொரோனே போரியாலிஸ். வடமகுடம் என்ற மண்டலத்தில் இருக்கிறது. சுமார் மூவாயிரம் ஒளியாண்டு தூரம். அங்கே வெண்குள்ளனின் துணை, சிவப்பு அரக்கன் என்னும் ஊதிப் பெருத்த விண்மீன். சாதாரண நாளில் பத்தாம் பொலிவெண், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 1866 மே 12-இல் வெடித்தபோது இரண்டாம் பொலிவெண்ணுக்கு வந்தது. ஏறக்குறைய 1,600 மடங்கு. மறுபடி 1946 பிப்ரவரியில் வெடித்தது. எண்பது வருட இடைவெளி. 2023-இல் அது மங்கத் தொடங்கியது. 1945-இலும் வெடிப்புக்கு முன் இதேபோல் மங்கியது என்பதால் 2024-இலேயே வெடிக்கும் என்று கணித்தார்கள். அந்த வருடம் முழுவதும் வெடிக்கவில்லை. எண்பது ஆண்டுக் கணக்குப்படி பார்த்தால் காலம் கனிந்துதான் இருக்கிறது.

1866-இல் அதைக் கண்டவர் அயர்லாந்தின் ஜான் பர்மிங்காம். ஆனால் என் மனத்தில் நிற்பவர் ஏதென்ஸில் இருந்த யூலியஸ் ஷ்மிட். அதே இரவில், சில மணி நேரம் முன்பு, அவர் அதே வான் பகுதியைப் பார்த்திருந்தார். வழக்கத்துக்கு மாறான ஒளி எதுவும் அங்கே இல்லை என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அந்த ஒரு 'இல்லை'யால்தான் இந்த விண்மீன் சில மணி நேரத்துக்குள் கிடுகிடுவென்று ஏறிவிடும் என்று நமக்குத் தெரியும். ஏறும் பக்கத்தில் அந்த வளைவுக்குப் புள்ளி கிடையாது. ஷ்மிட்டின் இல்லாமைக் குறிப்பு மட்டும் அங்கே நிற்கிறது.

1946-இல் கண்டவர்களில் கமென்சுக் என்பவர் சோவியத் நாட்டில் ரயில் தண்டவாளம் பார்வையிடும் தொழிலாளி. மைக்கேல் உட்மன் வேல்ஸ் நாட்டுப் பள்ளி மாணவர், வயது பதினைந்து. உங்களில் பத்தாம் வகுப்புப் படிப்பவர்களின் வயது. லெஸ்லி பெல்டியர் என்ற அமெரிக்க விவசாயி வீட்டுப் பிள்ளை அந்த விண்மீனை இருபத்தைந்து வருடம் விடாமல் கவனித்து வந்தவர். அந்தப் பிப்ரவரி இரவில் எழுந்தவருக்குச் சளி பிடிப்பதுபோல் இருந்தது, திரும்பப் படுத்துவிட்டார். அந்த இரவில்தான் வெடித்தது. இதை அவரே தன் புத்தகத்தில் எழுதிவைத்தார். ஒருவர் மட்டும் காவல் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம். ஒரு விடுதியில் ஐம்பது பிள்ளைகள் இருக்கிறீர்கள். முறை வைத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சளி என்றாலும் காவல் விடுபடாது.

பெரிய தொலைநோக்கிகள் இதைச் செய்யாதா? நம் மலைக்கு வடக்கே, தென்பெண்ணையும் செங்கம் கணவாயும் தாண்டி, ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1968-இல் வேணு பாப்பு அங்கே வேலையைத் தொடங்கினார். 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1985-இல் ஆர்.எஸ். ஒபியூக்கி வெடித்தபோது அங்கிருந்து பிடித்த நிறமாலைகளை ஆராய்ந்தவர்களில் ஜி.சி. அனுபமா ஒருவர், பின்னாளில் இந்திய வானியல் கழகத்தின் முதல் பெண் தலைவரானவர். ஆனால் அப்படிப்பட்ட கருவியின் ஒவ்வோர் இரவும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது. ஒரு விண்மீன் வெடிக்குமா என்று மாதக்கணக்கில் அது காத்திருக்க முடியாது. இரண்டாம் பொலிவெண் ஒளி அதன் கண்ணைக் கூசவைக்கும். அதோடு, ஜப்பானில் விடிந்து சில மணி நேரம் கழித்துத்தான் நமக்கு விடிகிறது. மணிக்கு மணி மாறும் விண்மீனை அந்தந்த நேரத்தில் பார்க்க இந்தியாவில் ஆள் வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் இரவு வானத்தில் சுவாதி நன்றாகத் தெரியும், மஞ்சள் கலந்த சிவப்பு. வடகிழக்கே நீலவெள்ளையாக அபிஜித். இரண்டையும் ஒரு கோடு போட்டு இணையுங்கள். சுவாதிக்கு அருகே, கோட்டில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், உடைந்த வளையல் துண்டுபோல ஏழு விண்மீன் வளைவாக நிற்கும். அதுதான் வடமகுடம். ஜூன் பின்பாதியில் இரவு பத்து மணிக்கு, ஜூலையில் எட்டு மணிக்கு, கிட்டத்தட்டத் தலைக்கு மேலே. வளைவில் பிரகாசமானது ஆல்ஃபெக்கா, 2.2. கிழக்கு முனைக்கு அருகே எப்சிலான், 4.1. எப்சிலானுக்குத் தெற்கே, இரண்டு முழுநிலாவைப் பக்கம் பக்கமாக வைத்த தூரத்தில் உள்ள வெற்றிடம்தான் நம் காவல் இடம்.

விளக்கில்லாத இடத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்து கண் பழகிய பிறகு பாருங்கள். செல்போன் கூடாது. நோட்டில் எழுத டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். மங்கலானதை நேராக முறைக்காமல் கடைக்கண்ணால் பார்த்தால் தெளியும். காலியாக இருந்தால் தேதி, நேரம், "ஒன்றும் இல்லை", அன்று உங்களுக்குத் தெரிந்த மிக மங்கிய விண்மீன் எது என்பது, இவ்வளவும் எழுதுங்கள். வளைவிலேயே இருக்கும் டெல்டா, 4.6, தெரிந்தது என்றால், 'அதைவிடப் பிரகாசமாக அங்கே எதுவும் இல்லை' என்று உலகத்துக்கு நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள்.

ஒரு நாள் அங்கே ஒளி இருக்கும். அப்போது கை நடுங்கும். பதறாமல் ஒப்பிடுங்கள். ஆல்ஃபெக்காவைவிட மங்கல், எப்சிலானைவிடப் பிரகாசம் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியைப் பத்துப் பங்காக்கினால் ஆல்ஃபெக்காவிலிருந்து மூன்று பங்கு கீழே என்று தோன்றினால், 1.9-இல் பத்தில் மூன்று 0.57. அதை 2.2-உடன் கூட்டினால் 2.8. எழுதிவிடுங்கள். அரைமணி கழித்து மறுபடி. முந்தைய எண்ணைப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்காமல், அவரவர் கண்ணுக்குப் பட்டதை அவரவர் எழுத வேண்டும். பத்துப் பேர் எண்ணும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். மாறட்டும். ஒத்துப்போவதற்காகத் திருத்தாதீர்கள். திருத்திய புள்ளியை வைத்துத் தைத்த சட்டை யாருக்கும் ஆகாது.

ஒரு வாரத்தில் வெறுங்கண்ணுக்கு மறைந்துவிடும். அதோடு நோட்டை மூடிவிட வேண்டாம். இந்த விண்மீனின் விசித்திரமே அதற்குப் பிறகுதான். 1866-இலும் 1946-இலும் முழுதாக அணைந்து, சில மாதம் கழித்து மறுபடி எட்டாம் பொலிவெண் வரை எழுந்து பல வாரம் நின்றது. ஏன் என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. சூடான வெண்குள்ளனின் வெளிச்சம் அரக்கனின் முகத்தில் பட்டுத் திரும்புகிறது என்பது ஒரு மாதிரிக் கணக்கு. இந்த முறை கிடைக்கும் புள்ளிகள்தான் அதற்குத் தீர்ப்பு. அதற்கு ஒரு பைனாகுலர் வேண்டும். பள்ளிக்கு ஒன்று வாங்கித் தர முன்வருபவர்கள் நம் மாவட்டத்தில் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆசிரியர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். இரவில் கால்மணி நேரம் பள்ளி முற்றத்து விளக்கை அணையுங்கள், விடுதிக் காப்பாளர் உடன் இருக்க, முற்றத்தை விட்டுப் பிள்ளைகள் வெளியே போகாமல். பதிவுகளை மாதம் ஒருமுறை அனுப்பிவையுங்கள். மாறொளி விண்மீன் நோக்கர்களுக்கான அமெரிக்கச் சங்கம் 1911 முதல் உலகின் எந்த மூலையில் இருப்பவர் பதிவையும் ஏற்றுச் சேர்க்கிறது. உலகப் பொது நேரமாக மாற்ற, இந்திய நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

2019 நவம்பரில் நம் மாவட்டம் தனியாகப் பிறந்தது. 2024 ஜூனில் கள்ளச்சாராயச் சாவுச் செய்தியோடு அதன் பெயர் நாடெங்கும் போனது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலருக்கு அது வீட்டுத் துக்கமாகவும் இருக்கலாம். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் எதிர்காலத்தில் ஒரு தேதியும் நேரமும் ஒரு பொலிவெண்ணும் பதிவாக வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். "வெள்ளிமலை, கள்ளக்குறிச்சி மாவட்டம்" என்று அந்த வரியில் இடம் குறித்திருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடமகுடம் சூரியனுக்கு அருகே போய்விடும், மழையும் விடாது. அந்த இரண்டு மாதம் உங்களுக்கு விடுமுறை. மார்கழி பிறந்து, விடியற்காலை ஐந்து மணிக்குக் கோலம் போட வாசலுக்கு வரும்போது வடகிழக்கே பாருங்கள். அடிவானத்துக்கு மேலே எழுந்து நிற்கும். முதல் வரியை அங்கிருந்தே தொடங்குங்கள்.

அன்புடன்,
கள்ளக்குறிச்சியிலிருந்து உங்கள் வான்நோக்கி